பன்னிரண்டாவது ஸ்பீக்கர்

எங்கள் நாகக்காட்டுப்புதூரில் ஆயிரத்து எழுநூறு விசைத்தறிகள் இருக்கின்றன, ஆட்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் சத்தத்தில் தறியை ஜெயித்த ஆள் இதுவரை பிறக்கவில்லை என்பதால், கலாமணி ஒயரிங் செய்துகொடுத்த சுமோ வண்டி தெருவில் வந்து நின்ற வருஷம் வரைக்கும் இந்த ஊரில் யாரும் யாரிடமும் ரகசியம் என்று ஒன்றைப் பேசியதே இல்லை. குழம்பில் உப்பில்லை என்று புருஷன் சொன்னால் நான்கு வீடு தள்ளி இருப்பவர்கள் தங்கள் குழம்பைத் தொட்டு நக்கிப் பார்ப்பார்கள். டாக்டரிடம் போய் மூலம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தால், பெஞ்சில் காத்திருக்கும் இருபது பேரும் துத்திக்கீரை வைத்தியம் சொல்வார்கள். தாலாட்டுவதும் கத்தித்தான், துக்கம் விசாரிப்பதும் கத்தித்தான், சாமியிடம் வேண்டிக்கொள்வதும் கத்தித்தான்; எங்கள் மாரியம்மனுக்கு ஊரில் யார் யாருக்கு என்ன குறை என்று தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மாதத்துக்கு ஒருநாள் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு எல்லாத் தறியும் நிற்கும். ஆனால் வருஷக்கணக்காக உள்ளே போய்த் தங்கிவிட்ட சத்தம் காதுக்குள்ளேயே டக்கட டக்கட என்று ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அன்றும் கத்தித்தான் பேசுவோம். பூசாரி ராக்கியப்பன் கவுளிச் சகுனம் பார்ப்பதை விட்டு நாற்பது வருஷமாகிறது. பல்லியைத்தான் நாங்கள் கவுளி என்போம்; அது சொல்கிறதா, சும்மா இருக்கிறதா என்று இந்த இரைச்சலில் யாருக்குத் தெரியும்? அவர் பூப்போட்டுப் பார்த்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஊரில் கலாமணி மெல்லிய குரலோடு பிறந்துவிட்டாள். அவள் அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். அவர் போனபிறகு அதை வண்டி ஒயரிங் கடையாக மாற்றி, டெம்போ, டிராக்டர், கார் எதுவானாலும் ஹெட்லைட்டிலிருந்து ஹாரன் வரைக்கும் அவளே பார்த்தாள். கை சுத்தமான கை. அவள் முறுக்கி டேப் சுற்றிய ஒயர் பத்து வருஷமானாலும் பச்சைக் களிம்பு பிடிக்காது. குரல் மட்டும் ஈரத்துணியால் கண்ணாடி துடைக்கிற அளவுக்குத்தான் வரும். முதலில் அவளை ஊமை என்றோம், கொஞ்சநாள் கழித்துத் திமிர் பிடித்தவள் என்றோம், அதற்கப்புறம் எதுவும் சொல்லாமல் வேலையை மட்டும் கொடுத்தோம். பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான், 'புள்ள வாயே தெறக்க மாட்டீங்குது' என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். முப்பத்தாறு வயதாகிவிட்டது.

அவள் வாய் திறந்து முக்கியமான ஒன்றைச் சொன்னது ஒரே ஒரு தடவை. எங்களுக்கு இது பிற்பாடுதான் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்பு நாச்சிமுத்துவின் தறிக்குடோனில் ஒரு தறி நின்றுபோனது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று இவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்ற பதினொரு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து பக்கத்தில் குத்தவைத்து டார்ச் அடித்தான். கோளாறு ஒன்றும் பெரிதில்லை, ஸ்டார்ட்டரில் ஒரு ஒயர் கழன்றிருந்தது. அதைச் சேர்த்துவிட்டு நிமிர்ந்தவள், எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, அவன் முகத்தைப் பார்த்து, "எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க" என்றாள்.

கடைசி வார்த்தையின் உதட்டசைவு மட்டும் அவனுக்குப் பிடிபட்டது. "புடிச்சிருக்குதா? அப்ப பேரிங்குதான் அம்மணி! பேரிங்கு புடிச்சுக்கிட்டா மோட்டாரு எப்படிச் சுத்தும்? கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிரு!" என்று அந்தக் குடோனே அதிரக் கத்தினான்.

அவள் தலையை ஆட்டினாள். நன்றாக இருந்த பேரிங்கைக் கழற்றி, புதியதை மாட்டி, பழையதைத் துணியால் துடைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வருத்தம்தான், ஆனால் தாங்கமுடியாத வருத்தம் இல்லை. கெடுத்தது தறி, அவன் இல்லையே. பதினான்கு வருஷமாகப் பழியைத் தறிமேல் போட்டுவிட்டு, ஊரில் எல்லோரையும் அண்ணா என்று கூப்பிட்டவள் அவனை மட்டும் புருஷனைக் கூப்பிடுவதுபோல 'ஏனுங்க' என்று கூப்பிட்டுக்கொண்டு, அதுவும் யாருக்கும் கேட்காததால் பத்திரமாக வாழ்ந்துவந்தாள்.

நாச்சிமுத்துவுக்கு அவளுக்கு நேர்மாறான வியாதி. பன்னிரண்டு தறிக்கு நடுவில் வளர்ந்த தொண்டை. மாரியம்மன் கோயிலில் மைக் கெட்டுப்போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெளியூருக்குப் பெண் பார்க்கப் போய், "வாங்க, நல்லா இருக்கறீங்களா?" என்று அவன் விசாரித்ததில் ஒரு பெண் பயந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பத்தொரு வயது வரைக்கும் அவனும் தனியாகத்தான் இருந்தான்.

அவன் ஒரு நாள் செகண்ட்ஸில் வாங்கிய வெள்ளைச் சுமோவை ஓட்டிக்கொண்டு கலாமணியின் கடைக்கு வந்து, சாவிக்கொத்தில் கோத்திருந்த பேரிங்கை விரலால் சுழற்றியபடியே இறங்கினான். வண்டிக்காரர்கள் சாவியில் பேரிங் மாட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான் என்பதால் அவள் அதைக் கவனிக்கவில்லை.

"நாலு ஆம்ப்பு, பன்னண்டு ஸ்பீக்கரு!" என்று கத்தினான். "சித்திரையில கருமாண்டிமேட்டுக் கோயில் நோம்பிக்கு வண்டிச் சத்தப் போட்டி வெப்பாங்கல்ல? வருசா வருசம் மேக்காட்டூர்க்காரந்தான் கப்பு வாங்கறான்." பிறகு, அவனைப் பொறுத்தவரை மெதுவான குரலில், அதாவது எதிர் பேக்கரியில் வடை தின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவில், "கப்புகூடப் போனாப் போச்சாது போ. தறிச் சத்தத்த மீறி ஒரே ஒரு பாட்டு முழுசாக் கேக்கோணும் அம்மணி. பொறந்ததுல இருந்து அரைப்பாட்டுதான் கேட்டிருக்கறேன்" என்றான்.

கலாமணி ஒரு அட்டையில் படம் போட்டுக் காட்டினாள். முன் கதவு இரண்டுக்கும் அதன் ட்வீட்டர்களுக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், பின் கதவு இரண்டுக்கும் அவற்றின் ட்வீட்டர்களுக்கும் ஒன்று, பின்சீட்டுக்கு மேல் வரும் இரண்டு நீள்வட்டத்துக்கு ஒன்று, டிக்கியில் உட்காரும், அடியோசை தருகிற இரண்டு பெரிய ஊஃபருக்கு ஒன்று. சாவி போடாவிட்டாலும் ஓடும்படி பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ், வண்டியின் பெயிண்டைச் சுரண்டி எர்த். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நாச்சிமுத்து, அவள் ஒயர்ச் சுருளை எடுத்ததும் கையை நீட்டித் தடுத்தான்.

"கருப்பு ஆகாது! நமக்குப் புதுசா வர்ற வண்டி. உள்ளார கருப்பு ஓடக் கூடாது!"

ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் ஜோடியாகத்தான் இருக்கும், சிவப்பு ப்ளஸ், கருப்பு மைனஸ், உலகமெல்லாம் அப்படித்தான். கலாமணி பேசாமல் அவனை வண்டியின் முன்பக்கம் கூட்டிப்போய், பம்பரில் கண்ணேறு படாமலிருக்க அவனே கட்டித் தொங்கவிட்டிருந்த கருப்புக் கயிற்றைச் சுட்டிக் காட்டினாள்.

"அது வெளிய! இது உள்ள!" என்றான் நாச்சிமுத்து. அதற்கு மேல் எங்கள் ஊர்க்காரர்களோடு யாரும் வாதாட முடியாது.

ஆகவே பன்னிரண்டு ஸ்பீக்கருக்கும் இரண்டு பக்கமும் சிவப்பு ஒயரே ஓடியது. எது மைனஸ் என்று தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு மைனஸ் முனையிலும் அவள் ஒரு வெள்ளை நூலை முடிச்சுப் போட்டாள். போதாததற்கு, ஒவ்வொன்றையும் மாட்டுமுன் டார்ச் செல்லை ஒயர் முனைகளில் தொட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கரின் காகிதம் வெளியே எம்பினால் ப்ளஸ் சரி, உள்ளே போனால் தலைகீழ். பதினோரு ஸ்பீக்கரை இப்படிப் பார்த்துப் பார்த்து மாட்டினாள். பன்னிரண்டாவது, டிக்கியில் இரண்டாவது ஊஃபர். அதைக் கையில் எடுத்தபோது நாச்சிமுத்து இரண்டு கிளாஸ் டீயோடு வந்து, டிக்கி ஓரத்தில் அவளுக்கு மிகப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முழங்கை பட்டு வெள்ளை நூல் உருவிக்கொண்டது. செல்லைத் தொட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் அவன் தோள் பக்கத்தில் இருக்கையில் அவளுக்கு செல் எங்கே, கை எங்கே என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக முறுக்கி டேப்பைச் சுற்றினாள்.

வண்டியைத் தறிக்குடோன் வாசலில் நிறுத்தி, நாச்சிமுத்து பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகினான். பாட்டு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தறிச் சத்தம் நின்றது.

தறிகள் நிற்கவில்லை. நூல் சுமக்கும் நாடா இங்குமங்கும் பாய்ந்துகொண்டுதான் இருந்தது, துணி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வண்டியைச் சுற்றி அறுபது தப்படி தூரத்துக்கு ஆயிரத்து எழுநூறு தறிகளின் சத்தமும் இல்லை. பேக்கரியில் யாரோ கிளாஸை வைத்த சத்தம் டிங் என்று கேட்டது. பிறகு, காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த தறியும் நின்றது, கரண்ட் போகும் நாளில்கூட நிற்காத தறி.

"பாட்டு எங்க?" என்று கத்திய நாச்சிமுத்து, திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். "இது யாரு சத்தம்?"

"உங்குளுதுதானுங்க" என்றாள் கலாமணி.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் குரலை அவன் கேட்டது அதுவே முதல் தடவை.

என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இரண்டாவது ஊஃபர் தலைகீழ். ஒன்று காற்றைத் தள்ளுகையில் மற்றது இழுக்கிறது. அப்படி மாட்டினால் பாட்டில் அடியோசை செத்துப்போகும் என்பது ஒயர் பிடித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்; இந்த வண்டியில் அது பாட்டையும் விழுங்கி, போகிற போக்கில் தறியையும் விழுங்கி, சின்னச் சின்னச் சத்தங்களையும் ஆள் பேச்சையும் மட்டும் விட்டுவைத்தது. டேப்பைப் பிரித்து முனையை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். அவள் மாற்றவில்லை. "எங்கியோ தப்பு இருக்குதுங்க, பாக்கறேன்" என்றாள். பொய் சொன்னது அதுதான் முதல் தடவை என்று சொல்லமாட்டோம், கேட்கும்படி சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்படியாக மாசி, பங்குனி இரண்டு மாதமும் எங்கள் ஊரில் ஒரு அமைதி சக்கரம் வைத்து நடமாடியது. முதல் வாரம் பேக்கரிக்காரர்கள் மகிழ்ந்தார்கள், ஏனென்றால் ஊரே வாசலில் உட்கார்ந்து வடை கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் பிள்ளை பெற்றவர்கள் வந்தார்கள். குழந்தை பசிக்கு அழுவது ஒரு தினுசு, தூக்கத்துக்கு அழுவது வேறு தினுசு என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தலைமையாசிரியர் வண்டியைப் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தச் சொன்னார். பதினேழு வருஷமாகச் சண்டை போட்டுவந்த மாமியாரும் மருமகளும் ஒருநாள் அதற்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடிக்கையில், இத்தனை நாளாக இருவரும் ஒருவரையொருவர் திட்டவில்லை, சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது புரிந்து, அங்கேயே குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

ரகசியம் பேசக் கற்றுக்கொண்டதுதான் பெரும்பாடு. எங்களுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. ஆரம்பத்தில் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினோம், இரண்டு பேருக்குக் காதுவலி வந்தது. பிறகு கலாமணி எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்துப் பழகினோம். ஊமை என்று நாங்கள் சொன்னவளிடம் மூச்சை எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்று கேட்க வரிசையில் நின்றது எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவள் யாரையும் குத்திக்காட்டவில்லை. "கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணா, இன்னுங் கொஞ்சம்" என்று ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைப்பதுபோல எங்கள் தொண்டையைத் திருகித் திருகிக் குறைத்தாள்.

கோயில் முன் வண்டி நின்ற வெள்ளிக்கிழமை, கருவறைச் சுவரில் கவுளி சொன்னது. பூசாரி ராக்கியப்பன் விழுந்து கும்பிட்டு எழுந்து, எந்தத் திசையில் சொன்னது என்று கேட்டார். நாற்பது வருஷத்தில் பலன் எல்லாருக்கும் மறந்துவிட்டது. ஒருவர் நல்லது என்றார், ஒருவர் பயணம் என்றார், ஒரு கிழவர் கல்யாணம் என்று சொல்லிவிட்டு யாருக்கு என்று தெரியாமல் முழித்தார்.

இதெல்லாம் பிடிக்காதவர் ஒருவர் இருந்தார், தறி ஃபிட்டர் வெள்ளிங்கிரி. தறியின் சத்தத்தைக் கேட்டே எந்தப் போல்ட் லூஸ் என்று சொல்கிறவர். "சத்தமில்லாத தறியில நான் என்னத்தைப் பாத்து ரிப்பேரு பண்றது? டாக்டரு நாடி புடிக்காம ஊசி போடுவானா?" என்று தெருத்தெருவாகச் சண்டை பிடித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், வண்டி எந்தத் தெருவில் எந்தக் கிழமை நிற்கவேண்டும் என்று பஞ்சாயத்தில் பேசி முறை வைத்தோம். வீட்டுக்கு ஒரு லிட்டர் டீசல் கொண்டுவந்து ஊற்றினோம்.

நாச்சிமுத்து மட்டும் வண்டி எங்கே நின்றாலும் மத்தியானம் அங்கே வந்து, "தப்பு ஆப்புட்டுதா அம்மணி?" என்று கேட்பான். அவள் டிக்கியைத் திறந்து, பதினோரு ஸ்பீக்கரில் ஏதாவது ஒன்றைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டுவாள். "இல்லீங்க, பாத்துட்டே இருக்கறேன்." அவன் டிக்கி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வான். அப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். பாவு நூல் விலை ஏறியது, அவள் அப்பா கடைசியாகக் கேட்ட பலாச்சுளை, அவன் தனியாக ரசம் வைக்கப் பழகிய கதை. அவன் குரலைக் குறைக்க எவ்வளவோ பாடுபட்டான். நான்கு வார்த்தை அடக்கமாக வரும், ஐந்தாவது வார்த்தை துப்பாக்கிபோல வெடிக்கும், அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

அவளுக்கு அந்த மத்தியானங்கள் சந்தோஷமாக இருந்தன, அதே அளவுக்குப் பயமாகவும் இருந்தன. பயம் இரண்டு. ஒயரை மாற்றினால் அவள் குரல் போய்விடும், திரும்ப ஊமைதான். ஒயரை மாற்றாவிட்டால், முழுப்பாட்டு ஒன்று கேட்க ஆசைப்பட்டவனை நாளுக்கு நாள் ஏமாற்றுகிறாள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்ல இதைவிட்டால் இடமில்லை. ஆனால் இங்கே சொல்லி, அவன் காதில் நன்றாக விழுந்து, அவன் வேண்டாம் என்றுவிட்டால், பழிபோடத் தறி இருக்காது.

போட்டிக்கு முந்தைய நாள் மத்தியானம், அவன் வழக்கம்போல வந்து கேட்டபோது, அவள் டிக்கியைத் திறக்காமல் நின்றாள்.

"தப்பு எதுன்னு எனக்குத் தெரியுமுங்க. மொத நாளே தெரியும். பன்னண்டாவது ஸ்பீக்கர்ல ப்ளஸ் மைனஸ் மாறிப் போச்சு. நீங்க டீ கொண்டாந்தீங்க, நான் பாக்காம முறுக்கிட்டேன்."

நாச்சிமுத்து பேரிங்கை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். "ஏஞ் சொல்லுல?"

"இது போச்சுன்னா என்ற பேச்சு யாருக்குங்க கேக்கும்?"

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்து அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவன் கத்தவில்லை. பேரிங்கை இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டான், அந்த அமைதியில் அதன் சர்ரென்ற சத்தம் நன்றாகக் கேட்டது.

"எனக்குப் பாட்டுக் கேக்கோணுமே அம்மணி" என்றான்.

"தெரியுமுங்க. அதுக்குத்தான் ராவு ஒரு சுவிட்ச்சு வெச்சேன். மேல தட்டுனா ப்ளஸ் ப்ளஸ்ஸோட சேரும், பாட்டு வரும். கீழ தட்டுனா இப்ப இருக்கறது. எது வேணும்னு உங்க இஷ்டம். உங்க வண்டி." சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் கருமாண்டிமேட்டுத் திடலில் பதினான்கு வண்டிகள். ராட்டினம், பீப்பி, பஞ்சுமிட்டாய் மணி, கோயில் மேளம், வெயில். புதூரே தறியை நிறுத்திவிட்டு டெம்போக்களில் வந்து இறங்கியது. கோயமுத்தூரிலிருந்து சத்தமானியோடு ஒரு நடுவர் வந்து மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டுபோல வட்டமான முகத்தில் முள் ஆடும் பெரிய மானி. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு முறை, முள் எந்த முறை அதிகம் போகிறதோ அதுதான் கணக்கு. ஆம்ப்ளிஃபயர் சூடானால் பார்க்க ஒயரிங் செய்தவர் கூடவே உட்காரலாம் என்பது விதி. நாச்சிமுத்து முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டான், கலாமணி ஏறி உட்கார்ந்தாள்.

முதல் முறை அவன் சுவிட்சை மேலே தட்டினான்.

பாட்டு வந்தது. நான்கு ஆம்ப்ளிஃபயரும் பன்னிரண்டு ஸ்பீக்கரும் ஒரே மூச்சாக ஊதித் திடலின் புழுதியைக் கிளப்பின, ராட்டினத்துக் கம்பிகள் ரீங்கரித்தன, சுமோவின் கண்ணாடி விட்டுவிட்டு அதிர்ந்தது. நாலே முக்கால் நிமிஷம். பாட்டுக்கு நடுவில் ஒரு புல்லாங்குழல் வருகிறது என்பதே நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தொரு வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டான், முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முள் நூற்று இருபத்தெட்டு. மேக்காட்டூர்க்காரனுக்கு நூற்று இருபத்தொன்பது. எங்கள் ஆட்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "இன்னுங் கொஞ்சம் திருகுடா, கப்பு நம்மளுது!" என்று ஆடினார்கள்.

இரண்டாவது முறை. நாச்சிமுத்து கலாமணியைப் பார்த்தான். பிறகு சுவிட்சைக் கீழே தட்டினான்.

ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றியது. மேளக்காரர்களின் குச்சிகள் சத்தமில்லாமல் விழுந்தன. பதினான்கு வண்டியும் பீப்பியும் மணியும் அடங்கின. முள் விழுந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. நடுவர் மானியை இரண்டு தட்டுத் தட்டினார். எங்கள் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள், கப்பு போயிற்றே.

நாச்சிமுத்து சாவியை உருவி, பேரிங்கை மட்டும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே மூச்சைப் பாதியாகக் குறைத்து, அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக முழுசாக ஒரு கேள்வியை மெதுவாகக் கேட்டான்.

"பதினாலு வருசத்துக்கு முன்னால நீ கழட்டிக் குடுத்தது. அன்னிக்கே சுத்திப் பாத்தேன். இதுல ஒண்ணுமே புடிக்கல, அம்மணி, வெண்ணையாட்டச் சுத்துது. அப்பறம் என்னமோ புடிச்சிருக்குன்னியே, எதுன்னு அப்பவே கேக்கோணும்னுதான் இருந்தேன். நாங் கேட்டா ஊரே கேக்குமே, எப்படிக் கேக்கறது?"

கலாமணி பேரிங்கைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் அவன் விரலில் சுற்றி அது வெள்ளிபோலப் பளபளத்தது. இத்தனை நாளாக அவள் பழிபோட்டுவந்த தறி, ஒரு குற்றமும் செய்யாமல் அங்கே புதூரில் நின்றுகொண்டிருந்தது.

"உங்களைத்தானுங்க" என்றாள். "உங்களைத்தான் புடிச்சிருக்குன்னு சொன்னேன்."

முள் ஒரு மயிரிழை எழும்பி இறங்கியது.

அதற்குப் பிறகு நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. இரண்டு மாதமாகப் பழகிய அடக்கமெல்லாம் ஒரு நொடியில் பறந்துபோக, கதவைத் திறந்து கீழே குதித்து, பன்னிரண்டு தறிக்கு நடுவில் வளர்த்த தொண்டையை முழுசாகத் திறந்து, "எனக்குந்தான் புடிச்சிருக்குது அம்மணீ!" என்று கத்தினான். வேறு எந்தச் சத்தமும் இல்லாத அந்தத் திடலில் அது நான்கு பக்கமும் போய் முட்டித் திரும்பி வந்தது. பூஜ்யத்தில் படுத்திருந்த முள் துள்ளி எழுந்து, நூற்று இருபத்தொன்பதைத் தாண்டி, நூற்று முப்பதைத் தொட்டு, அங்கேயே நின்று நடுங்கியது.

இது வண்டிச் சத்தமா, ஆள் சத்தமா என்று விழாக் குழுவுக்குள் பெரிய வழக்கானது. வண்டி இல்லாமல் இந்தச் சத்தம் கேட்டிருக்குமா என்று எங்கள் தலைமையாசிரியர் கேட்டார். ஆள் இல்லாமல் வண்டி கத்துமா என்று மேக்காட்டூர்க்காரர்கள் கேட்டார்கள். கவுளிக்குப் பலன் கல்யாணம் என்று சொன்ன கிழவர், நான்தான் அப்போதே சொன்னேனே என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கப்பை மேக்காட்டூருக்கும், ஒரு எவர்சில்வர் குடத்தை நாச்சிமுத்துவுக்கும் கொடுத்தார்கள். குடம் நல்ல கனம். குடித்தனத்துக்கு ஆகும்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற ஃபிட்டர் வெள்ளிங்கிரி மட்டும் ஒன்றும் புரியாமல், ஆட்களை விலக்கிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "என்னங்கடா புடிச்சிருக்குதாம்? பேரிங்கா? தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்றார்.

கலாமணி சிரித்தாள். இரண்டு மாதமாக உதட்டைக் கடித்து அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, பேச்சுத்தான் அவளுக்கு மெல்லிசு, சிரிப்பு அப்படி இல்லை. யாரோ தவறிப்போய்ச் சுவிட்சை மேலே தட்டிவிட, பன்னிரண்டு ஸ்பீக்கரும் ராட்டினமும் மேளமும் ஒன்றாகத் திரும்பி வந்த பிறகும் எங்களுக்கு அந்தச் சிரிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது.